பனியை வெள்ளையாக எடுத்தவள்

உங்கள் வீட்டில் இருக்கும் ஒருவருக்குப் பாராட்டு கிடைக்கிறது. நீங்கள் சிரித்த முகத்தோடு "ரொம்ப நல்லாருக்கு" என்கிறீர்கள். பிறகு அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளரைத் தேவைக்கு மேல் சத்தம் வரும்படி வைக்கிறீர்கள். இது உங்கள் வாழ்க்கையில் நடந்ததுண்டா, இல்லையா? இல்லை என்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். பொய் சொல்கிறவர்களோடு பேச எனக்கு நேரமில்லை. உண்டு என்று ஒப்புக்கொள்கிறவர்களுக்குத்தான் இந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

அந்த வீட்டில் மூத்த மருமகளைப் பெரியவள் என்றும் இளைய மருமகளைச் சின்னவள் என்றும் கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். கீழ்த்தளத்தில் பெரியவளும் அவள் கணவனும். மாடியில் சின்னவளும் அவள் கணவனும். படிக்கட்டு தொடங்கும் இடத்தில் ஒரு நாற்காலி, அதில் மாமியார். யார் எப்போது ஏறினார்கள், எப்போது இறங்கினார்கள் என்பது அந்த நாற்காலிக்குத் தெரியாமல் நடக்காது.

பெரியவள் படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவள். அக்கரையில் ஆலைகள், இக்கரையில் வீடுகள். காலை ஆறு மணிக்கு முதல் படகு. கண்ணாடிப் பெட்டி போன்ற ஓர் அறை, அதில் அரைவட்டமாக ஒரு துளை, துளைக்கு அந்தப் பக்கம் அவள். பதினேழு வருடமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, விரல்களைத் தெரியும். ஒருமுறை கடைத்தெருவில் ஒருவர் அவள் கையைப் பார்த்துவிட்டுத்தான் "படகு டிக்கெட்டு நீங்கதானே?" என்று கேட்டார். அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

படகுத்துறையில் ஒரு விதி உண்டு. அக்கரையில் எரியும் பச்சை விளக்கு இக்கரைப் பலகைப் பாலத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாவிட்டால் படகு கிளம்பக் கூடாது. மூடுபனி இறங்கினால் படகு நிற்கும், படகு நின்றால் டிக்கெட் அறையை மூடிவிடலாம். மற்றவர்கள் அந்த நேரத்தில் தேநீர் குடிப்பார்கள், மேசையில் தலை சாய்ப்பார்கள். பெரியவள் பைக்குள்ளிருந்து கேமராவை எடுப்பாள். இரண்டாம் கை கேமரா. ஒரு மூலையில் ரப்பர் உரிந்திருக்கும். ஊரே வேலைக்குப் போக முடியாமல் பனியைத் திட்டிக்கொண்டிருக்கும்போது பனியை வரவேற்று ஓடிய ஒரே ஆள் அவள்தான்.

மழையில் படம் எடுக்க அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பட்டுத்தான் கற்றாள். ரொட்டி வரும் பாலிதீன் பையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, ரப்பர் பேண்டால் இறுக்கினால் கேமரா நனையாது. குடைக் காம்பைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே கவ்விக்கொண்டால் இரண்டு கையும் கிடைக்கும். குளிரில் நின்ற கேமராவைக் கெட்டில் கொதிக்கும் அறைக்குள் அப்படியே கொண்டுவந்தால் லென்ஸ் வேர்த்துவிடும். பையை இறுக்கிக் கட்டி அரைமணி நேரம் வைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். மழை எல்லா இடத்திலும் பெய்யும், படத்தில் மட்டும் பெய்யாது. பின்னால் இருட்டான சுவரோ மரமோ இருந்து, எதிரிலிருந்து வெளிச்சம் வந்தால்தான் தாரை தெரியும். இதையெல்லாம் தெரிந்துகொள்ள அவளுக்கு மூன்று மழைக்காலம் ஆனது.

பனி மட்டும் அவள் கைக்கு வரவில்லை. கண்ணுக்குப் பால் போலத் தெரிந்த பனி, படத்தில் பாத்திரம் கழுவிய தண்ணீர் போல விழுந்தது.

ஆனால் சின்னவள் எடுத்தால் வெள்ளையாக விழுந்தது! மொட்டைமாடியில் நின்று அவள் எடுத்த படங்கள்: ஓர் ஆன்டெனா, சுற்றிலும் வெண்மை. துணி காயப்போடும் கம்பியில் நான்கு கிளிப்புகள், அப்புறம் ஒன்றுமேயில்லை. இவ்வளவுதான். பார்த்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். உறவினர்கள் போனில் கேட்டு வாங்கிச் சுவரில் மாட்டினார்கள்.

சின்னவளின் அப்பா ஸ்டூடியோ வைத்திருந்தவர். அது போதாதா? "அவ ரத்தத்துலயே கேமரா ஓடுது" என்றார் மாமியார். "பெரியவளே, உன் படத்தையும் பாத்தேன். ஏன் எல்லாத்துக்கும் சளி புடிச்ச மாதிரி இருக்கு?"

"பனி அப்படித்தான் இருக்கும் அத்தை."

"மாடியில விழற பனி மட்டும் வேற பனியா?"

அதே கேள்வி பெரியவளையும் குடைந்தது. ஒருநாள் வெட்கத்தை விட்டுச் சின்னவளிடமே கேட்டாள்.

"எப்படிம்மா உனக்கு மட்டும் இவ்வளவு வெள்ளையா வருது?"

சின்னவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: "எங்கப்பா சொல்வாருக்கா. மனசு சுத்தமா இருந்தா பனி வெள்ளையா விழும்."

அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். எவ்வளவு அழகாக இருக்கிறது, எவ்வளவு அயோக்கியத்தனமானது! தொழில் நுணுக்கத்தை மறைக்க நினைக்கிறவன் எப்போதும் மனசையும் ரத்தத்தையும் வரத்தையும்தான் இழுத்து வைத்துக்கொள்வான். கற்றுக்கொடுத்தால் நாளைக்கு இன்னொருவன் பக்கத்தில் கடை போட்டுவிடுவான். வரம் என்று சொல்லிவிட்டால் போட்டிக்கு ஆளே வராது. உலகத்தில் எத்தனை பேருக்கு "உனக்கு இது வராது" என்று பிறப்பைக் காட்டியே கதவடைத்திருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கத் தொடங்கினால் தாள் போதாது. பெரியவள் பாவம், அதை நம்பினாள். நான்கு வருடம் நம்பினாள். படம் சாம்பலாக வரும்போதெல்லாம் தன் மனசில் என்ன அழுக்கு என்று தேடினாள். அழுக்கும் கிடைத்தது. சின்னவள் மீதிருந்த பொறாமைதான் அது. பொறாமையால் படம் கெடுகிறது, படம் கெட்டதால் பொறாமை கூடுகிறது என்று செக்கு மாடு போலச் சுற்றினாள்.

அண்ணனும் தம்பியும் ஒரே பதவிக்கு விண்ணப்பித்தால் அதற்குப் போட்டி என்று பெயர். அவர்கள் மனைவிமார் ஒரே மூடுபனிக்கு ஆசைப்பட்டால் அதற்கு மட்டும் பொறாமை என்று பெயர், பெண்புத்தி என்று பட்டம். நான் அந்தச் சொல்லை மாற்றப் போவதில்லை. பொறாமைதான். நாள் முழுக்க எரிந்த, ஒளித்து வைக்கத் தெரியாத, நல்ல முழுப் பொறாமை. சின்னவளின் படத்தை யாராவது போனில் காட்டினால், பெரியவள் அதை விரல்களால் பெரிதாக்கி எங்கேயாவது ஒரு புள்ளி, ஒரு சாய்வு கிடைக்காதா என்று தேடுவாள். கிடைக்காது. "சூப்பர்" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுப்பாள்.

அந்த வருட மழைக்காலத் தொடக்கத்தில் உள்ளூர்ப் பத்திரிகையில் ஓர் அறிவிப்பு வந்தது. மழைக்காலப் பக்கத்துக்கு ஒரு படக்காரர் வேண்டும். வேலை பிடித்திருந்தால் நிரந்தரம். பெரியவள் அன்று மதிய இடைவேளையில் அந்த அலுவலகத்துக்கே போய் நின்றாள். பத்திரிகைக்காரர் சொட்டும் குடையைக் குப்பைக்கூடையில் தலைகீழாக நிறுத்தியிருந்தார்.

"மூணே மூணு படம் போதும்மா. பனிப் படம். இருபது நாள் டைம். கம்ப்யூட்டர்ல வெளுத்துக் கொண்டுவராதீங்க, எனக்குத் தெரிஞ்சுரும்."

"சாம்பல் கலரா இருந்தா பரவாயில்லீங்களா சார்?"

"சாம்பலை நான் எதுக்குப் போடணும்? பேப்பரே சாம்பல் கலர்தான்."

சிரித்துக்கொண்டே வெளியே வந்தவள் வாசலில் நின்று கணக்குப் போட்டாள். கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே வரப் பதினேழு வருடத்தில் கிடைத்த முதல் வழி இது. அந்த வழியில் பனி வெள்ளையாக விழ வேண்டும். வீட்டுக்கு வந்தால், சின்னவளும் அதே பத்திரிகைத் துண்டை வெட்டிக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தாள்.

பன்னிரண்டு நாள் மழை. பனி இல்லை. வீட்டுக்குள் துணி காயவில்லை. வராந்தா முழுக்கக் கொடி கட்டி ஈரத் துணி தொங்கியது. குனிந்துகொண்டுதான் நடக்க வேண்டும். பதின்மூன்றாம் நாள் மாலை பெரியவள் நனைந்த கோட்டைப் படிக்கட்டுக் கைப்பிடியில் போட்டாள்.

"அக்கா, உங்க கோட்டு சொட்டுது. வழுக்குது." மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த சின்னவள் சொன்னாள்.

"சொட்டத்தான் செய்யும். மழையில நின்னவ கோட்டு. உன்னுதை மாதிரி பெட்டிக்குள்ள இருந்ததில்ல."

"இப்ப எதுக்கு என் கோட்டு?"

"உனக்கென்னம்மா. மாடியில நின்னு ஒரு க்ளிக்கு. ஊரே கைதட்டுது. நான் முழங்கால் வரைக்கும் சேத்துல நிக்கறேன், எனக்குச் சளி புடிச்ச படம்."

சின்னவளின் முகம் சிவந்துவிட்டது. "சேத்துல நிக்கறீங்கல்ல? அது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியுமா உங்களுக்கு? அஞ்சு வருஷமா அதே ஆன்டெனா, அதே கம்பி, அதே தண்ணித்தொட்டி! நான் என்ன ஆசைப்பட்டா ஆன்டெனாவை எடுக்கறேன்? விடியறதுக்கு முன்னாடி நீங்க கேட்டைத் திறந்துட்டுப் போவீங்க. ஒவ்வொரு நாளும் மாடியில நின்னு பாத்துட்டு இருப்பேன். வயிறு எரியும்."

"உனக்கா? என்னைப் பாத்தா?"

"படகு, கயிறு, பனியில பாதி மறைஞ்ச ஆளுங்க, எல்லாம் உங்க கண்ணு முன்னாடி. அதைக் கொண்டுபோய் மைனஸ்ல வச்சு எடுத்து நாசம் பண்றீங்க!"

"மைனஸ்ல வச்சிருக்கேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

சின்னவளின் வாயிலிருந்து வார்த்தை வெளியே வந்துவிட்டது.

"நீங்க குளிக்கப் போற நேரம் பாத்து உங்க கேமராவை எடுத்துப் பாப்பேன்."

"எத்தனை நாளா?"

"தினமும்."

பெரியவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். கேமராவில் ஒரு சக்கரம் உண்டு, படத்துக்குப் போகும் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும். பனி கண் கூசும் வெள்ளையாக இருக்கிறதே, வெளிச்சம் அதிகமாகிவிடும் என்று அவள் அதைக் குறைக்கும் பக்கம், மைனஸ் பக்கம் தள்ளி வைத்திருந்தாள். புத்திசாலி செய்யும் தவறு அது. நான்கு வருடமாக அந்தச் சக்கரம் அங்கேயே இருந்தது.

"கேமராவுக்கு வெள்ளைன்னா என்னன்னே தெரியாதுக்கா" என்றாள் சின்னவள், குரல் இறங்கி. "எதைக் காமிச்சாலும் சாம்பலாக்கத்தான் பாக்கும். இது வெள்ளைதான்னு நாமதான் சொல்லணும். ப்ளஸ் பக்கம் ஒரு படி. அவ்வளவுதான்."

"மனசு சுத்தம்னியே."

"அப்பா கஸ்டமருங்ககிட்ட சொல்றது அது. நானும் சொன்னேன். சொல்லாம இருந்திருந்தா நீங்க என்னைத் தாண்டிப் போயிருப்பீங்க."

நாற்காலியிலிருந்து மாமியார் கேட்டார்: "இவ்வளவு நேரம் கத்திட்டு இப்ப என்னடி ரெண்டு பேரும் கிசுகிசுன்னு?"

"கோட்டு சொட்டுது அத்தை" என்றார்கள் இருவரும்.

பதினெட்டாம் நாள் பனி இறங்கியது. பச்சை விளக்கு தெரியவில்லை. படகோட்டியை எல்லோரும் ஹாரன் என்று கூப்பிடுவார்கள். பனி வந்தால் நிமிடத்துக்கு ஒருமுறை சங்கொலி எழுப்புவது அவர் வேலை, அவருக்கு அது பிடித்தும் இருந்தது. பெரியவள் டிக்கெட் அறையைச் சாத்திவிட்டுச் சக்கரத்தை ப்ளஸ் பக்கம் ஒரு படி தள்ளினாள்.

முதல் படத்தைத் திரையில் பார்த்ததும் அவள் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது. ஹாரன் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா, என்னையா?"

"இல்லண்ணே. நாலு வருஷத்தை."

வெள்ளை. பலகைப் பாலத்தின் முனையில் சைக்கிளைப் பிடித்தபடி ஓர் ஆள், அவனுக்குப் பின்னால் படகின் மூக்கு மட்டும், ஒரு கயிறு வெண்மைக்குள் இறங்கிக் காணாமல் போகிறது. அவள் சந்தோஷப்பட்டாளா என்று கேட்கிறீர்கள். பட்டாள். அதைவிட ஆத்திரப்பட்டாள். ஒரு படி! ஒரு விரல் அசைவு! அதற்கு மேல் வரமும் இல்லை, ரத்தமும் இல்லை.

மூன்று படங்களை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். சின்னவள் தன் மூன்றைப் போனில் அனுப்பினாள்.

சனிக்கிழமை சின்னவளின் போன்தான் மணி அடித்தது.

பெரியவள் பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டே கேட்டுவிட்டாள், மானம் பார்க்கவில்லை. அவர் மழுப்பவில்லை. "உங்க படம் நல்ல படம்மா. ஆனா சைக்கிளும் இருக்கு, படகும் இருக்கு, கயிறும் இருக்கு. எதைப் பாக்கறதுன்னு கண்ணு அலையுது. அவங்க ஒண்ணை வச்சுட்டு மத்ததை விட்டுடறாங்க. விடத் தெரிஞ்சிருக்கு."

பெரியவளுக்கு அது உண்மை என்று தெரிந்தது. அதுதான் சுட்டது. ஐந்து வருடம் ஓர் ஆன்டெனாவோடு அடைபட்டுக் கிடந்தவள் விடக் கற்றுக்கொண்டாள். எல்லாம் கண்முன் கிடைத்தவள் எல்லாவற்றையும் அள்ளிப்போட்டாள்.

அன்று மாலை மாடியில் சத்தம் கேட்டது. பெரியவள் கீழே சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள்.

"படம் எடுக்கறதை யார் வேணாம்னா? மாடியில எடு" என்றான் சின்னவளின் கணவன். "விடியக்காலம் மழையில ஊர் சுத்தறது நடக்காது."

"பெரியவ போறா, அது வேலை" என்று மாமியார் படிக்கட்டின் அடியிலிருந்து சேர்த்துக்கொண்டார். "இது ஆசைதானே?"

பெரியவளின் உள்ளே அப்போது இனித்தது. அதை நான் மறைக்க மாட்டேன். இஸ்திரிப் பெட்டியை ஒரே இடத்தில் வைத்துக் காலரைப் பழுப்பாக்கிவிடும் அளவுக்கு இனித்தது.

திங்கட்கிழமை காலை வரிசை நீண்டிருந்தபோது பத்திரிகைக்காரர் அழைத்தார். "அவங்களால வர முடியாதாம். வீட்ல சூழ்நிலை சரியில்லன்னாங்க. அப்ப ரெண்டாவது நீங்கதான். நாளைக்கே சேந்துக்கறீங்களா?"

துளைக்கு அந்தப் பக்கம் யாரோ "சீக்கிரம்மா, படகு போயிரும்" என்றார்கள். அவள் விரல்கள் டிக்கெட் கிழித்தன. "சாயங்காலம் சொல்றேன் சார்" என்றாள்.

நாள் முழுக்க அந்த வார்த்தையை மென்றாள். ரெண்டாவது. சின்னவளைத் தோற்கடிக்க வேண்டும் என்று நான்கு வருடம் எரிந்தவள் அவள். இப்போது அந்த இடம் அவளுக்குக் கிடைக்கிறது. ஆனால் தோற்கடித்தது யார்? அவள் இல்லை. மாடியில் ஒருவன், நாற்காலியில் ஒருத்தி. அவர்கள் பறித்து மீதியை அவள் தட்டில் போடுகிறார்கள். பொறாமைக்கும் ஒரு ரோஷம் உண்டு. அது பிச்சை வாங்காது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் சிரித்தார். "அவ வரலைன்னுட்டா, வேலை இனி உனக்குத்தானாமே! எல்லாம் நல்லதுக்குத்தான்."

"யார் நல்லதுக்கு அத்தை?"

"ஏன், உனக்குத்தான்."

பெரியவள் கோட்டைக் கழற்றவில்லை. மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "தம்பி, கொஞ்சம் கீழ வாங்க. அவளையும் கூட்டிட்டு வாங்க."

கொழுந்தன் இறங்கி வந்தான். சின்னவள் அழுது வீங்கிய முகத்தோடு பின்னால் நின்றாள்.

"பதினேழு வருஷமா விடியறதுக்கு முன்னாடி நான் தனியாத்தான் போறேன். மழையிலயும் போறேன். இந்த வீட்ல ஒருத்தர் வேணாம்னு சொல்லல. ஏன்? என் வேலையில அரிசி வருது. அவ போனா ஆபத்து, நான் போனா ஆபத்து இல்லியா? என்னை எந்தப் பேயும் புடிக்காதா?"

"அண்ணி, அது வேற..."

"என்ன வேற? நான் போற வழிதான். அஞ்சரைக்கு ரெண்டு பேரும் சேந்து போறோம். முடியாதுன்னா சொல்லுங்க, நானும் நாளையிலேர்ந்து வீட்லயே இருக்கேன். மாடியில ஆன்டெனாவை நானும் எடுக்கறேன்."

அடுப்படி வாசலில் நின்றிருந்த பெரியவளின் கணவன் இருமினான். "அவ சொன்னா செய்வாடா" என்றான் தம்பியிடம். அந்த வீட்டு ஆண்கள் அன்று பேசிய ஒரே உருப்படியான வாக்கியம் அது.

கொழுந்தன் மேலே போய்விட்டான். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப் பெரியவள் யாரையும் கேட்கவில்லை. பத்திரிகைக்காரருக்குப் போன் போட்டாள். "சார், அவளே வருவா. சூழ்நிலை சரியாயிருச்சு."

படிக்கட்டில் சின்னவள் அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, உங்களுக்கு என் மேல கோபமே இல்லையா?"

"இல்லாம என்ன? எரியுது. அடுத்த வருஷம் உன்னைத் தோக்கடிக்கணும். நீ மாடிக்குள்ளயே கிடந்தா நான் யாரைத் தோக்கடிக்கிறது? ரப்பர் பூட்ஸ் இருக்கா?"

"இல்லக்கா."

"என் பழசு இருக்கு. பெருசாத்தான் இருக்கும். ரெண்டு சாக்ஸ் போட்டுக்க."

இது போன வருடக் கதை. சின்னவள் இப்போது பத்திரிகையில் நிரந்தரம். பெரியவள் இன்னும் கண்ணாடிப் பெட்டியில்தான். பொறாமை தீர்ந்துவிட்டதா என்றால், தீரவில்லை. சின்னவளின் படம் முதல் பக்கத்தில் வரும் நாள்களில் அவள் பத்திரிகையைத் திறக்க மதியம் ஆகிவிடுகிறது. ஆனால் அவள் படத்தில் இப்போது சைக்கிள் இல்லை. படகின் மூக்கும் இல்லை. கயிறு மட்டும் இருக்கிறது. பத்திரிகைக்காரர் இந்த மழைக்கு இன்னொரு ஆள் தேடுகிறார். அவள் மூன்று படம் கொடுத்திருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை.

உங்களிடம் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டிலும் "இது ஆசைதானே" என்று சொல்லி நிறுத்திவைக்கப்பட்ட ஒருத்தி இருப்பாள். மகளோ, மனைவியோ, மருமகளோ, யாராக இருந்தாலும் சரி. அவள் உங்களிடம் அனுமதி கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். அனுமதி கொடுக்க நீங்கள் யார்? நாளைக்குப் பனி இறங்கினால், விடிவதற்கு முன்னால் அவளை எழுப்புங்கள். குடையைக் கையில் கொடுங்கள். சக்கரத்தை ப்ளஸ் பக்கம் ஒரு படி தள்ளச் சொல்லுங்கள். பிறகு வாசலை விட்டு விலகி நில்லுங்கள்.